ஐஸ் டம்ளரின் மேல் ஒரு நாலணா

என் மருந்துக்கடை ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் இரண்டு வருடத்துக்கு மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. டம்ளரில் தண்ணீர் உறைந்து கல்லாகக் கிடக்கும். அதன் மேல் ஒரு நாலணாக் காசு. டம்ளரும் என்னுடையதல்ல, காசும் என்னுடையதல்ல. மாதம் ஒருமுறை இன்சுலின் வாங்க வரும் ஒரு விவசாயி கொண்டுவந்து வைத்தது.

விஷயம் இதுதான். இன்சுலின் குளிர்ச்சியில் இருக்க வேண்டிய மருந்து. கடைக்காரர்கள் சிலர் கடை சாத்தும்போது ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போவார்கள். அப்படி அணைத்தால் ஐஸ் உருகும், காசு அடிக்குப் போய்விடும். மறுநாள் மறுபடி உறைந்தாலும் காசு அடியிலேயே கிடந்து காட்டிக்கொடுக்கும். என்னை வேவு பார்க்க என் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார் மனுஷர்.

"ஒண்ணும் நெனச்சுக்காதீங்க அம்மணி. சந்தேகமெல்லாம் இல்லீங்க. சும்மா இருக்கட்டுமுங்க" என்றார், அதை வைத்த அன்று.

சந்தேகமெல்லாம் இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னால் சந்தேகப்பட ஆரம்பித்து ஒரு வாரமாவது ஆகியிருக்கும். இது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கே அது பிடிக்காது. பில் போடப் பெயர் கேட்டால் இனிஷியலை மட்டும் சொல்வார். "முழுப்பேரு எதுக்குங்க? மருந்து எனக்குத்தான, பேருக்கில்லீங்களே" என்பார். ஊர் பெயரையும் முழுதாகச் சொல்லமாட்டார். வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கரும்பும், மேட்டங்காட்டில் பருத்தியும் வைத்திருந்தார் என்பதும், ஆறாம் நம்பர் டவுன் பஸ்ஸில் வருவார் என்பதும் மட்டும் எனக்குத் தெரிந்தன.

கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில், தொண்ணூறுகளின் நடுவில் நான் கடை போட்டேன். டி.பார்ம் படித்த பெண், சொந்தக் கடை. வருகிற ஆண்கள் எல்லாம் "ஓனர் இல்லீங்களா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். நான்தான் ஓனர் என்று சொல்லிச் சொல்லியே என் குரல் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. இவர் ஒருவர்தான் எட்டிப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த என் சர்ட்டிபிகேட்டைக் கழற்றித் தரச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்கு லென்ஸை எடுத்தார். பருத்தி இலையில் பூச்சி பார்க்க வைத்திருந்த லென்ஸ் அது. சர்ட்டிபிகேட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"போட்டோவுல கொஞ்சம் இளைச்சாப்புல இருக்கறீங்க" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதுவரை ஒருத்தர்கூட அந்தச் சர்ட்டிபிகேட்டைப் படித்துப் பார்த்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்த கதையை அவர் மனைவி சொல்லி நான் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது அந்த அம்மா பாதி சிரிப்பும் பாதி எரிச்சலுமாகச் சொல்வார்.

வெல்லம் காய்ச்சி மண்டிக்குக் கொண்டுபோனால், மூட்டைகளைத் தராசில் ஏற்றுவதற்கு முன் இவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே தராசில் ஏறி நிற்பாராம். இவருடைய எடை எழுபத்திரண்டு கிலோ. இருபது வருடமாக அது கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. தராசு எழுபத்திரண்டு காட்டினால்தான் வெல்லம் ஏறும். ஒரு வருடம் தராசு அறுபத்தாறு காட்டியது. அவ்வளவுதான், மண்டியில் பெரிய ரகளை. மூட்டைகளை அப்படியே வண்டியில் ஏற்றி அடுத்த மண்டிக்குப் போனார். அங்கேயும் அறுபத்தாறு. மூன்றாவது மண்டியில் அரைக் கிலோ இன்னும் கம்மி. "மூணு பேரும் பேசி வெச்சுட்டு செய்யறானுங்க" என்று தராசுக்கு முத்திரை போடுகிற இன்ஸ்பெக்டரிடம் புகார் எழுதினார். இன்ஸ்பெக்டர் வந்து, இரும்புக் கல் வைத்துப் பார்த்து, தராசு சரி என்றார். இவர் இன்ஸ்பெக்டரின் கல்லை எங்கே எடை போட்டுப் பார்ப்பது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் அந்த அம்மா கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, வேட்டி இடுப்புல நிக்க மாட்டீங்குது. அதுவும் மண்டிக்காரன் செஞ்சதுங்களா?"

இரத்தம் சோதித்தபோது சர்க்கரை தாறுமாறாக இருந்தது. வேறு வேறு லேபில் மூன்று முறை சோதித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். தன் உடம்பில் நடப்பதைவிட ஊரான் தராசில் நடப்பதுதான் அவருக்கு முதலில் தெரிந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

மாத்திரை கேட்காமல் போய், டாக்டர் இன்சுலின் எழுதிக்கொடுத்தார். சீட்டோடு என் கடைக்கு வந்தார். பெட்டியை வாங்கி லென்ஸை வைத்தார். எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், அர்த்தம் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொன்னார்.

"பி, ஓ, வி, ஐ, என், ஈ. இதென்னங்க அம்மணி?"

"மாடுங்க ஐயா. மாட்டோட கணையத்துல இருந்து எடுக்கறதுங்க."

நான் யோசிக்கவே இல்லை. கேட்டார், சொன்னேன். சென்னிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு கறியை விட்டு இருபது வருடம் ஆனவர், பட்டியில் பத்து உருப்படி மாடு வைத்திருப்பவர் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பெட்டியைக் கண்ணாடி மேசையின்மேல் ஓசைப்படாமல் வைத்தார்.

"சொன்னீங்களே, அது போதுமுங்க. வேற ஒருத்தரா இருந்தா வாயைத் தொறந்திருக்க மாட்டாங்க. உங்ககிட்ட வாங்கலாமுங்க அம்மணி" என்றார். ஆனால் அன்று எதையும் வாங்காமல் போய்விட்டார்.

நாலைந்து மாதம் அவரைக் காணவில்லை. பிறகு ஒரு நாள் மதியம் மஞ்சள் பையோடு ஓர் அம்மா வந்து நின்றார். ஒல்லியான உடம்பு, வெயிலில் நடந்து வந்த முகம். இன்னாருடைய மனைவி என்று சொன்னார்.

"நீ அன்னைக்கு மாடுன்னு சொல்லாம இருந்திருந்தா எங்கூட்டுக்காரருக்குக் கால் வெரலு இருந்திருக்கும் கண்ணு."

வேப்பங்கொழுந்து, சிறுகுறிஞ்சான், பாகற்காய் என்று அவர் சொந்த வைத்தியம் பார்த்திருக்கிறார். வயலில் முள் குத்தியது ஆறவே இல்லை. சீழ் பிடித்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் இப்படியே இருந்தால் முழங்கால் வரை போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாட்டில் எடுக்காத புது இன்சுலின் ஒன்று எழுதிக்கொடுத்திருந்தார்.

"இது எதுல செஞ்சதுன்னு கேப்பாரு கண்ணு. எதுலதான் செய்யறாங்க?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மனுஷ உடம்பில் இன்சுலினைச் செய்யச் சொல்கிற மரபணுவை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிருக்குள் வைத்துவிடுவார்கள். அது தொட்டியில் பெருகிப் பெருகி இன்சுலினைச் செய்துகொடுக்கும். மாடும் இல்லை, பன்றியும் இல்லை. சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் மாறிக்கொண்டே போனது.

"ஒண்ணோட குணத்தை எடுத்து இன்னொண்ணுக்குள்ள வெக்கறதா? அடக் கடவுளே. இதையேதானம்மா இவரு கூட்டம் கூட்டமாப் போயி வேண்டாம் வேண்டாம்னு பேசிட்டிருக்கறாரு!"

உண்மைதான். அந்தச் சமயத்தில் டீக்கடையிலும் உரக்கடையிலும் இதே பேச்சு. பருத்திக்குப் புழு விழாமலிருக்க விதைக்குள்ளேயே ஏதோ வைத்துவிட்டார்கள் என்றார்கள். பக்கத்து மாநிலத்தில் சோதனை வயலைப் பிடுங்கித் தீ வைத்தார்கள் என்று செய்தி வந்தது. மீனின் குணத்தைத் தக்காளிக்குள் வைக்கிறார்கள், அந்தத் தக்காளியைத் தின்றால் சைவமா அசைவமா என்று ஒரு துண்டுப் பிரசுரம் கேட்டது. ஒரு தடவைதான் முளைக்கும், அதில் எடுத்த விதை மறுதடவை முளைக்காது என்று இன்னொன்று. எது நிஜம், எது புரளி என்று பிரித்துச் சொல்ல எனக்கே தெரியாது. அவர் எல்லாக் கூட்டத்துக்கும் போனார். எல்லாக் கூட்டத்திலும் எழுந்து கேள்வி கேட்டார். கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"நீ சொல்லிப்போடாத கண்ணு. கேட்டா என்னமோ ஒண்ணு சொல்லு. இந்தத் தடவை ஊசியை விட்டாருன்னா காலை எடுத்துப்போடுவாங்க. அதுக்கு அப்பறம் ஆளே இருக்க மாட்டாரு" என்று அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தார். இடது காலில் கட்டு. பெட்டியை எடுத்து லென்ஸை வைத்தார்.

"மாடுங்களா?"

"இல்லீங்க."

"பன்னிங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எதுலீங்க அம்மணி?"

"இட்லி மாவு புளிக்குதில்லீங்களா ஐயா? அந்த மாதிரி பெரிய பெரிய தொட்டியில புளிக்க வெச்சு எடுக்கறதுங்க."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இதை நான் எத்தனையோ முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய்யில்லாத சொற்களை எப்படிப் பொறுக்கி அடுக்குவது என்று முந்தின நாள் முழுக்க யோசித்துவைத்திருந்தேன் என்பதும் உண்மை.

அவர் பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு மாதிரி இருந்த எழுத்துகளை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. "சின்ன ஆர். பெரிய டி, என், ஏ" என்று தனக்குள் சொன்னார். மரபணு வைத்துச் செய்தது என்பதற்கு அதுதான் குறி. அவர் லென்ஸை மடக்கினார்.

"நீங்க சொன்னாச் சரிங்க. மாட்டுதுன்னு அன்னைக்கு சொன்னவங்கதான நீங்க."

அன்றைக்குத்தான் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது, இனி ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பாக்கி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு குப்பி அவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரும். மாதா மாதம் வந்தால் முதல் வேலை ஐஸ் பெட்டியைத் திறந்து காசைப் பார்ப்பது. பிறகு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெட்டியில் உள்ள நம்பரும் குப்பியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பார். விதை மூட்டையில் கட்டியிருக்கும் நீல அட்டையை அறுத்துப் பத்திரப்படுத்துவது போல ஒவ்வொரு மருந்துப் பெட்டியையும் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். கிளம்பும்போது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்.

"வேற ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா அம்மணி?"

"இல்லீங்க ஐயா."

"சரீங்க. வாரனுங்க."

போய்விடுவார். ஒரு மாதம்கூட இந்தக் கேள்வி தவறியதில்லை. சிலருக்குப் பேச்சை முடிக்க ஒரு சொல் வேண்டும், இவருக்கு இது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு சித்திரையில் டிரான்ஸ்பார்மர் வெடித்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. அந்த மாதம் வந்து டம்ளரை எடுத்தார். காசு பாதி ஆழத்தில் சாய்ந்து நின்றது.

"மருந்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுங்க ஐயா. கதவைத் தொறக்கவே இல்லீங்க" என்றேன்.

"சந்தேகமெல்லாம் இல்லீங்க. இருந்தாலும் புதுசு வரட்டுமுங்க" என்று பஸ் ஏறி ஈரோடு போய் வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தக் குப்பிகளை வேறு யாருக்கும் கொடுக்க என் கை வரவில்லை. எல்லாவற்றையும் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பினேன்.

ஊசி நன்றாக வேலை செய்தது. புண் ஆறியது. நடையில் மட்டும் ஒரு சாய்வு. ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "தராசு திருந்திருச்சுங்க அம்மணி. எழுபது காட்டுதுங்க" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் ஒரு மனுஷனை எழுபது கிலோவாக்கி நிறுத்தியிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம், அவர் என்னிடம் வேறொரு வேலையும் கொடுத்திருந்தார். கூட்டங்களில் கிடைக்கும் இங்கிலீஷ் பிரசுரங்களையும் பேப்பர் துண்டுகளையும் கொண்டுவந்து, படித்து அர்த்தம் சொல்லச் சொல்வார். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் வரி வரியாகப் படிக்க, அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே வரிமேல் விரல் ஓட்டிக்கொண்டு வருவார். ஆராய்ச்சிக்காரர்கள் எழுதியதையும் கொண்டுவருவார், எதிர்க்கிறவர்கள் எழுதியதையும் கொண்டுவருவார். இரண்டு பக்கத்தையும் சமமாகச் சந்தேகப்பட்டார்.

அப்படி ஒரு பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். இந்தத் தொழில்நுட்பம் புதிதொன்றும் இல்லை, சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினே இப்படித்தான் செய்யப்படுகிறது என்று நாலு வரி. நடுவில் அந்தச் சின்ன ஆரும் பெரிய டி, என், ஏவும். நான் தாளை மடித்தேன்.

"இன்னும் நாலு வரி இருக்குதுங்களே அம்மணி" என்றார்.

"அது அச்சாபீஸ் அட்ரஸுங்க ஐயா."

இது சுத்தப் பொய். இதற்கு இட்லி மாவு மாதிரி எந்தச் சமாதானமும் எனக்குக் கிடையாது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பிரசுரத்தை வாங்கி, நான் மடித்த மடிப்பைப் பிரித்து, வேறு மாதிரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். துண்டை உதறினார்.

"வேற ஏதாச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

அன்றிலிருந்து நான் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். தெரிந்துவிட்டதோ? தெரிந்தால் ஊசியை நிறுத்தியிருப்பாரே? ஆனால் மாதம் தவறாமல் வந்து வாங்குகிறாரே? வாங்கி, போடாமல் வைத்திருக்கிறாரோ? அவர் மனைவியைப் பார்த்தால் கேட்பேன். "என்ற கண்ணு முன்னாடிதான் போடறாரு கண்ணு" என்பார் அந்த அம்மா. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவர் கடைக்குள் வந்தால் காலைத்தான் முதலில் பார்ப்பேன்.

அந்தத் தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. கோயமுத்தூரிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்து புது விதையைப் பற்றி விளக்கம் சொல்வார், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். "நீங்களும் வாங்க அம்மணி. இங்கிலீஷுல ஏதாச்சும் சொன்னாருன்னா எனக்கு வேணும்" என்று கூப்பிட்டார். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். பெண்கள் பக்கம் அவர் மனைவிக்கு அருகில் உட்கார்ந்தேன்.

ஆராய்ச்சியாளர் இளம் வயது. நல்ல தமிழில், பொறுமையாகத்தான் பேசினார். மருந்தடிப்பது குறையும், மகசூல் கூடும் என்றார். கேள்வி நேரம் வந்ததும் இவர் எழுந்தார். நடையில் சாய்வோடு மைக் வரைக்கும் போய் நின்றார்.

"ஏனுங்க, விதை மூட்டை வாங்குனா அதுல ஒரு அட்டை இருக்குமுங்க. நூத்துக்கு எத்தனை முளைக்கும், எப்ப சோதிச்சாங்கன்னு அதுல போட்டிருக்குமுங்க. உங்க விதையில என்னத்தை எடுத்து என்னத்துக்குள்ள வெச்சிருக்குதுன்னு அட்டையில போடுவீங்களா? இல்ல, சொல்லாம விப்பீங்களா?"

கைதட்டல். ஆராய்ச்சியாளர் சிரித்தார்.

"ஐயா, இதுக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லைங்க. இந்த மண்டபத்துல சர்க்கரைக்கு ஊசி போடறவங்க எத்தனையோ பேர் இருப்பீங்க. அந்த மருந்துல பாதிக்கு மேல இந்த முறையில செஞ்சதுதாங்க. தெரியாமலே தினமும் போட்டுக்கறீங்க. நல்லாத்தானே இருக்கறீங்க?"

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் நெரிந்தது. இன்றோடு ஊசி போச்சு, கால் போச்சு, ஆளும் போயாச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது.

"தெரியுமுங்க" என்றார் அவர், மைக்கில்.

மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"நான் போட்டுக்கறவன்தானுங்க. ரெண்டு வருசமாப் போடறனுங்க. நல்ல மருந்துங்க, காலைக் காப்பாத்துச்சுங்க. ஆனா வித்தவங்க எனக்குச் சொல்லலீங்க. நானா, பெட்டியில இருந்த எழுத்தை எழுதிட்டுப் போயி, காலேஜு வாத்தியார் ஒருத்தரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டனுங்க. அதனாலதான் கேக்கறேன். நீங்க சொல்லிக் குடுப்பீங்களா, சொல்லாமக் குடுப்பீங்களா?"

எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. யார் விற்றார்கள் என்றும் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு ஞாபகமில்லை. நான் கேட்கவில்லை.

குப்பி தீருகிற நாள் எனக்குத் தெரியும். அந்த நாளில் காலையிலிருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு விதைப்பை. ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசைமேல் அடுக்கினார். எல்லாம் என் கடையில் வாங்கிய இன்சுலின் பெட்டிகள். மாதம் தவறாமல் வரிசையாக இருந்தன. இரண்டாவது பெட்டியைத் தொட்டுக் காட்டினார்.

"இது வாங்கறப்பவே எனக்குத் தெரியுமுங்க அம்மணி."

அந்த இரண்டாவது மாதத்திலிருந்து, துண்டை உதறிக்கொண்டு மாதா மாதம் அவர் கேட்ட கேள்வி என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாடுன்னு சொன்னேன், வெரலு போச்சு. இதையும் சொல்லியிருந்தா நீங்க நிறுத்திப்போட்டிருப்பீங்க ஐயா. அந்தப் பயத்துலதானுங்க சொல்லல. என்ன தப்புங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு ஆத்திரம்தான். காப்பாற்றியவளைக் குற்றவாளியாக நிறுத்துகிறாரே என்ற ஆத்திரம்.

"நிறுத்தியிருப்பனுங்க. ஒரு வாரமோ பத்து நாளோ. அப்பறம் யோசிச்சுப்போட்டு நானே வந்து கேட்டிருப்பேன். இல்லாட்டிச் செத்திருப்பேன். எதுன்னாலும் அது என்ற முடிவுங்களே."

"உங்க ஊட்ல அம்மாவுக்கும் தெரியுமுங்க. அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாயில் வந்துவிட்டது. அவர் நிதானமாகப் பெட்டிகளைத் திரும்பப் பையில் போட்டார்.

"அது பொண்டாட்டிங்க. எனக்காகப் பொய் சொல்லும், நானும் அதுக்காகச் சொல்லுவேன். நீங்க கடைங்க அம்மணி."

எழுந்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து டம்ளரை எடுத்தார். காசு மேலேயே இருந்தது. ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஃப்ரிட்ஜுல ஒரு குத்தமும் சொல்ல முடியாதுங்க" என்றார். துண்டை உதறினார். அன்று மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"வாரனுங்க."

டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். எதிரே இன்னொரு மருந்துக்கடை. அங்கே போய்ச் சர்ட்டிபிகேட்டைக் கழற்றித் தரச் சொல்வதை என் கடையிலிருந்தே பார்த்தேன். பிறகு டம்ளர் அந்தக் கடை ஃப்ரிட்ஜுக்குள் போனது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஊசியை விடவில்லை, ஆள் இருப்பார். மத்தியானத்துக்கு மேல்தான் வலி தெரிந்தது. ஐஸ் பெட்டியில் டம்ளர் இருந்த இடத்தில் வட்டமாக ஓர் அச்சு. வெகுநாள் அதைச் சுரண்டவில்லை.

அதற்குப் பிறகும் பல வருடம் அவர் இருந்தார். மாதா மாதம் பஸ்ஸை விட்டு இறங்கி என் கடையைத் தாண்டித்தான் போவார். "நல்லா இருக்கறீங்களா அம்மணி?" என்று நின்று விசாரிப்பார். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. ஒரு தலைவலி மாத்திரைகூட என்னிடம் வாங்கியதில்லை.

அவர் கடை மாறின அடுத்த மாதம் எதிர்க்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார். முகத்தில் அப்படியொரு சலிப்பு.

"ஏனுங்க, அந்தப் பெரியவரு டம்ளர் ஒண்ணு வெச்சாரில்லீங்களா? காசு அடிக்குப் போயிருச்சுன்னு இன்னைக்குக் கடையில ஒரே சத்தமுங்க. ராத்திரிக்கு ஃப்ரிட்ஜை அணைச்சா அவருக்கெப்படிங்க தெரியும்? நீங்க ரெண்டு வருசம் எப்படித்தான் சமாளிச்சீங்க?"

"அணைக்காதீங்க. அவ்வளவுதானுங்க" என்றேன்.

"அவ்வளவுதானுங்களா?"

"போறப்ப ஒரு கேள்வி கேப்பாரு. அது சும்மா கேக்கற கேள்வி இல்லீங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் ஐஸ் பெட்டியைத் திறந்து, தண்ணீர் நிரப்பிய டம்ளர் ஒன்றை அந்த வட்டத்தின்மேல் வைத்தேன். மறுநாள் காலை கடை திறந்ததும் உறைந்திருந்த ஐஸின்மேல் என் நாலணா ஒன்றை வைத்துப் பெட்டியை மூடினேன்.